உறங்கும் சிங்கம்

அண்மையில் குடும்பத்தாருடன் வண்டலூர் உயிரியல் பூங்காவிற்குச் சென்றிருந்தோம். 1855-இல் சென்னை நகரினுள் தோன்றி, 1985-இல் வண்டலூருக்கு இடம் பெயர்ந்த பூங்கா அது. அங்கே சிங்கங்கள் உலவும் வெளியினூடே, கம்பி வலையிட்ட வண்டியில் மக்களை அழைத்துச் செல்கின்றனர். விலங்கு வெளியே, மனிதன் கூண்டினுள்!

மர நிழலில் ஓர் ஆண் சிங்கம் உறங்கிக் கொண்டிருந்தது. கட்டணம் செலுத்தியிருக்கிறோம், எழுந்து நிற்பதையேனும் காண வேண்டாமா? வண்டியிலிருந்தோர் கூவினர், கை தட்டினர். நாமும் தட்டினோம், மறைப்பதற்கில்லை. அப்போது நம் பேரன் கேட்டான்: "தூங்குறவங்களை எழுப்பக் கூடாதுன்னு நீங்கதானே நன்னா சொன்னீங்க?"

கைகள் தாமே தாழ்ந்தன.

அவனுக்கு அஸத் எனப் பெயர் சூட்டியவர் நாமே. அஸத், லைஸ், ஹைதர், உஸாமா என அரபு மொழியில் சிங்கத்திற்குப் பெயர்கள் பல. அவற்றை நம் மக்களுக்குச் சூட்டி மகிழ்கிறோம். பெயரைப் பெற்றுக்கொண்ட நாம் அதற்கு விட்டுவைத்தது என்ன? ஈராக்கிலும் ஈரானிலும் வட இந்தியாவிலும் முன்னர் உலவிய ஆசியச் சிங்கம், இன்று குஜராத்தின் கிர் காட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மட்டுமே தன்னியல்பாய் வாழ்கின்றது. 2025-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவற்றின் தொகை 891.

நுழைவுச் சீட்டு காணும் உரிமையைத் தந்தது. வருத்தும் உரிமையைத் தரவில்லை. நம் பொறுப்பில் விடப்பட்ட உயிர் அமானிதமெனில், அதன் உறக்கமும் அமானிதமே அன்றோ?