கயிற்றை இழுக்கும் உரிமை

அறிவு என்பது அறிபவரைப் பிரிந்து தனியே நிற்குமா? தத்துவத்தின் இந்தப் பழைய கேள்வி கார் ஆலைகளில் சோதனைக்கு வந்திருக்கிறது. கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய ஆலை, ஓயாத தகராறுகளாலும் மோசமான தரத்தாலும் பெயர் கெட்டு 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவுடன் கூட்டாக, நும்மி என்ற பெயரில் அது மீண்டும் இயங்கத் தொடங்கியது. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பழைய தொழிலாளர்கள்; தொழிற்சங்கமும் பழையதே. நூற்றுக்கணக்கானோர் ஜப்பானுக்குப் போய், டொயோட்டாவின் தகாவோகா ஆலையில் அங்குள்ளவர்களோடு நின்று வேலை பழகினார்கள். சில ஆண்டுகளிலேயே ஃப்ரீமாண்டின் தரம் தகாவோகாவை நெருங்கியது. டொயோட்டாவின் இந்த உற்பத்தி முறை ஜப்பானியப் பண்பாட்டுக்கு மட்டுமே கைவரும் என்ற வாதம் அத்தோடு வலுவிழந்தது.

ஆனால் அதே அறிவைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக ஜெனரல் மோட்டார்ஸ் ஆண்டுக்கணக்கில் திணறியது. எதையும் டொயோட்டா பூட்டி வைத்திருக்கவில்லை. நும்மியில் உற்பத்தி வரிசையின் மேலே ஓடிய கயிற்றையே எடுத்துக்கொள்வோம். கோளாறைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். உடனே உதவி வரும், கோளாறு தீராவிட்டால் வரிசை நின்றுவிடும். அந்தக் கயிற்றை எந்த ஆலையிலும் ஒரே நாளில் கட்டிவிடலாம். ஆனால் வரிசை நிற்பதையே குற்றமாகக் கருதும் மேலாளரின் கண்ணெதிரே அதை இழுக்க யார் துணிவார்? கடைநிலையில் நிற்பவருக்கும் அறிவு உண்டு, அவர் சொன்னால் கேட்க வேண்டும் என்ற ஒப்புதல் அங்கே இல்லை. இதைத் திறமைக் குறைவு என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. பிறரை அறிவுள்ளவராக ஏற்க மறுப்பது அறநெறிக் குறைபாடு. அதுவே அறிவுக்கும் வழியை அடைத்துவிடுகிறது.

மருந்துச் சூத்திரமும் கணினி நிரலும் கோப்பாகவே கடல் கடக்கின்றனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கோப்பைத் திறப்பவர் அதைப் புரிந்துகொள்ளப் பழகியவராக இருந்தால்தான் அது அறிவாகிறது. அந்தப் பழக்கம் கோப்புக்குள் இல்லை. அறிவின் பெரும்பகுதி சொல்லில் அடங்காது என்று தத்துவ அறிஞர் மைக்கேல் போலானி வாதிட்டது இதையொட்டியே. நான் இன்னும் ஓர் அடி போவேன்: சொல்லில் அடங்காத அந்தப் பகுதி தனிமனிதரின் கைப்பழக்கத்தில் மட்டுமல்ல, மனிதருக்கிடையிலான நம்பிக்கையிலும் இருக்கிறது. அப்படியானால் பெருநிறுவனங்களால் கற்கவே முடியாதா என்பது அடுத்த மறுப்பு. முடியும். 1992-இல் ஜெர்மனியின் ஐசனாக்கில் ஜெனரல் மோட்டார்ஸின் ஓப்பல் ஆலை தொடங்கியபோது, நும்மி போன்ற கூட்டு ஆலைகளில் பழகியவர்களை அங்கே அனுப்பினார்கள். அந்த ஆலை விரைவிலேயே ஐரோப்பாவின் திறன்மிக்க ஆலைகளுள் ஒன்றானது.