மலிவுக் கணினியும் கொடையின் நீதியும்

வறிய நாடுகளின் சிறார்க்கு நூறு டொலர் விலையில் மடிக்கணினி வழங்கும் எண்ணத்தை நிக்கலஸ் நெக்ரொபொன்டே 2005ஆம் ஆண்டு தாவோஸ் மாநாட்டிலே முன்வைத்தார். 2007இல் அஃது உற்பத்திக்கு வந்தபோது விலை ஏறத்தாழ 188 டொலராயிற்று. வெயிலிலும் வாசிக்கத்தக்க திரை, குறைந்த மின்செலவு, தூசு புகாத விசைப்பலகை என்பன அதன் சிறப்புக்கள். கருவி நல்ல கருவியே.

சோற்றுக்கே வழியற்றவனுக்குக் கணினி எதற்கு என்று அன்று பலர் வினவினர். இவ்வினா அறச்சார்புடையது போலத் தோன்றினும் ஆழ்ந்து நோக்கின் அதனுள் ஓர் அவமதிப்பு மறைந்திருத்தல் புலனாகும். அறிவுக் கருவிகள் வயிறு நிறைந்தோர்க்கே உரியன என்பதே அதன் உட்பொருள். வறியவன் பசியடங்கும்வரை காத்திருக்க வேண்டுமென விதிப்போர், தம் பிள்ளைகளை ஒருநாளும் காக்கவைப்பதில்லை.

ஆகவே, கொடுக்கலாமா என்பதன்று பிரச்சினை. எதனைக் கொடுத்தால் கொடுத்ததாகும் என்பதே. 1979இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரையிலே, எதிலே சமத்துவம் என அமார்த்திய சென் எழுப்பிய வினா ஈண்டு மனங்கொளத்தக்கது. பொருள்களைப் பங்கிடுதல் மட்டும் போதாது. அவற்றைக் கொண்டு மனிதர் எதனைச் செய்ய வல்லவராகின்றனர் என்பதையே அவர் அளவுகோலாகக் கொண்டார்.

பெரு நாட்டின் அனுபவம் இதற்குத் தக்க சான்று. கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகள் 319ஐ உள்ளடக்கிய ஆய்வொன்று 2012இல் வெளியாயிற்று. கணினிகள் ஏராளமாக வந்துசேர்ந்திருந்தும் கணிதத்திலோ மொழியிலோ பெறுபேறுகள் உயரவில்லை. பொதுவான சிந்தனைத் திறனிலே சிறிது முன்னேற்றம் காணப்பட்டது, அதனை மறுப்பதற்கில்லை. இணைய வசதியோ மிக அரிதாகவே இருந்தது. பிள்ளை தானே கற்றுக்கொள்ளும் என்பது திட்டத்தாரின் நம்பிக்கை. ஆசிரியர்க்குப் பஞ்சமுள்ள ஊருக்கு ஆசிரியருக்குப் பதிலாகப் பொருளை அனுப்புதல் கொடையா, கைகழுவலா? மலிவு என்னும் சொல்லே ஐயத்துக்குரியது. பயிற்றுதல், திருத்துதல், மின்னூட்டுதல் ஆகியவற்றின் செலவு அந்த 188 டொலரிலே அடங்கவில்லை; அது பெற்றவர் தலையிலேயே விழுந்தது.

உருகுவேயிலும் 2007இல் 'செய்பல்' திட்டம் தொடங்கி, 2009அளவில் அரசாங்க ஆரம்பப் பாடசாலை மாணவர் அனைவர்க்கும் கணினி கிடைத்தது. ஆரம்ப ஆண்டுகளில் அங்கும் கணிதமோ வாசிப்போ உயர்ந்ததாகத் தெரியவில்லை. (பெருவிலும் மிகச் சிறிய, வசதி கூடிய நாடாகையால் இவ்வொப்பீடு முழுமையானதன்று.) ஆனால் அந்நாடு கருவியோடு நின்றுவிடவில்லை. பாடசாலைகளுக்கு இணையத்தைக் கொண்டுசென்றது. 2012இல், ஆங்கில ஆசிரியரில்லாத வகுப்பறைகளுக்குத் தொலைவிலுள்ள ஆசிரியரைத் திரைவழியே அழைத்துவரும் முயற்சியைத் தொடங்கியது. வகுப்பாசிரியர் அறையை விட்டு அகலவில்லை. மாணவரோடிருந்து தாமும் அம்மொழியைப் பயின்றார்.