தேயிலையும் நாணயமும்

பொழுது புலர்ந்ததும் தேநீரைத் தேடாத இல்லம் மலேசியாவில் அரிது. பசியாறும் வேளையிலும், விருந்தினர் வந்த வேளையிலும், இழவு வீட்டின் நீண்ட இரவிலும் தேநீர் இருக்கின்றது. நாள்தோறும் இத்துணை நெருங்கிப் பழகும் பொருளைப் பற்றி மாந்தர் அறிந்திருப்பதோ மிகச் சிறிது. நல்ல தேயிலையை எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்டால், "அருகில் எது இருக்கிறதோ அங்கே" என்பதே பெரும்பாலோர் விடை. கேள்வி சிறியதுதான். ஆயினும் அதனுள்ளே அறம் சார்ந்த பெருங்கேள்வி ஒன்று மறைந்து கிடக்கின்றது. தான் அறியாத பொருளை, அறிந்தவன் ஒருவனிடமிருந்து வாங்கும்போது, வாங்குவோன் எதை நம்பிப் பணம் கொடுக்கின்றான்? அந்த நம்பிக்கையைக் காப்பது விற்போன் கடமை மட்டுந்தானா?

தேயிலை தன் குணத்தை எளிதில் காட்டிக்கொள்ளாத பொருள். கத்தரிக்காயின் முற்றலைக் கண் சொல்லிவிடும். மீனின் பழமையை மூக்குச் சொல்லிவிடும். உலர்ந்து சுருண்ட தேயிலையோ கொதிநீரில் விழும்வரை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. பச்சைத் தேயிலை, ஊலோங், கறுப்புத் தேயிலை ஆகிய மூன்றும் ஒரே இனச் செடியிலிருந்தே வருகின்றன. கொழுந்தைப் பறித்து வாட்டி, உருட்டி, காற்றுப்பட்டு நிறம் மாறவிட்டு, பின்னர்ச் சூடேற்றி உலர்த்தினால் கறுப்புத் தேயிலை கிடைக்கும். நிறம் மாறுமுன்பே சூடேற்றி அதைத் தடுத்துவிட்டால் பச்சைத் தேயிலை. இரண்டிற்கும் இடைப்பட்டது ஊலோங். உலர்ந்த கறுப்புத் தேயிலையைச் சலித்து முழு இலை, உடைந்த இலை, துகள், தூள் எனத் தரம் பிரிப்பர். சிறு காகிதப் பைகளில் அடைபடுபவை பெரும்பாலும் துகளும் தூளுமே. தூள் என்பதனாலேயே அது கேடானது அன்று. பால் கலந்து ஆற்றும் தே தாரிக்கிற்குத் தூளின் கடுமையே வேண்டும். பாலின்றி மணத்தை நாடுவோரே முழு இலையைத் தேடிச் செல்கின்றனர். 'ஆரஞ்சு பீக்கோ' என்னும் பெயரைக் கண்டு பழத்தின் மணத்தை எதிர்பார்ப்போரும் உண்டு. அஃது இலையின் தரத்தைக் குறிக்கும் பெயரேயன்றிப் பழத்தைக் குறிப்பதன்று. பெயரே இவ்வாறு மயக்குமாயின், பொருள் மயக்குவதில் வியப்பில்லை.

இந்த மயக்கத்தில்தான் பொய் குடியேறுகின்றது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தேயிலையின்மீது வரி மிக உயர்ந்திருந்தது. 1784இல் அது 12.5 விழுக்காடாகக் குறைக்கப்படும்வரை கள்ளக் கடத்தலும் கலப்படமும் தழைத்தன. வேற்று மரங்களின் இலைகளையும், ஒருமுறை ஊறிச் சாரம் இழந்த இலைகளையும் உலர்த்திக் கலந்து விற்றனர். 19ஆம் நூற்றாண்டில் சீனாவிற்குச் சென்ற தாவர அறிஞர் ராபர்ட் பார்ச்சூன், ஏற்றுமதிக்குரிய பச்சைத் தேயிலைக்குப் பிரசிய நீலமும் ஜிப்சமும் ஊட்டப்படுவதை நேரிற் கண்டு எழுதினார். வெளிநாட்டார் அந்த நிறத்தையே விரும்பி வாங்குகின்றனர் என்பதே அங்கே சொல்லப்பட்ட காரணம். இச்செய்தி ஆழ்ந்து எண்ணத்தக்கது. நிறம் ஊட்டிய கை விற்போனுடையது. ஆனால், அந்த நிறத்தைக் கேட்ட கண் யாருடையது?

கலப்படத்திற்கு அஞ்சிய மக்களுக்கு 1826இல் ஜான் ஹார்னிமன் என்னும் ஆங்கிலேய வணிகர் ஒரு வழி காட்டினார். தேயிலையை எடையிட்டு, பொட்டலமாக மூடி, தம் பெயரைப் பொறித்து விற்றார். அன்று முதல் பொட்டலம் வாங்குவோன் பெயரை நம்புகின்றான். உதிரித் தேயிலை வாங்குவோன் மனிதனை நம்புகின்றான். பெயரும் பொய்க்கக் கூடும். டார்ஜிலிங் மலையில் ஆண்டுதோறும் விளைவது பத்தாயிரம் டன்னுக்கும் குறைவு. வேற்றிடத்து இலைகளும் அந்தப் பெயரைச் சூடி வந்தமையால், 2004இல் இந்தியா அதற்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு அளித்தது. இலங்கைத் தேயிலை வாரியமும், இலங்கையிலே விளைந்து இலங்கையிலே பொதியப்பட்ட தேயிலைக்கே தன் சிங்க முத்திரையை வழங்குகின்றது. முத்திரைகள் துணை செய்யும். ஆனால், முத்திரை பிறந்த இடத்தைச் சொல்லுமேயன்றி, அந்த இலை கடைக்காரரின் தட்டில் எத்தனை மாதம் கிடந்தது என்பதைச் சொல்லாது.

ஆகவே நல்ல கடையை அறிய வேறு அடையாளங்கள் வேண்டும். தேயிலை ஈரத்தையும் பிற மணத்தையும் விரைந்து ஈர்க்கும். ஒளியும் அதைக் கெடுக்கும். புழுக்கம் மிகுந்த மலேசியாவில், கருவாட்டிற்கும் சவர்க்காரத்திற்கும் இடையே திறந்த சாக்கில் கிடக்கும் தேயிலை தன் மணத்தை இழந்து அயல்மணத்தை ஏற்றுக்கொள்ளும். காற்றுப் புகாத தகரப் பெட்டியில் வைப்பது முதல் அடையாளம். எந்தத் தோட்டம், எந்தப் பருவம் என்று கேட்டால் விடை சொல்லுதல் இரண்டாவது. சிறிதளவு கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துக் கொடுத்தல் மூன்றாவது. சீனத் தேயிலைக் கடைகள் பலவற்றில், வாங்க வருவோரை அமரவைத்துச் சிறு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துச் சுவைக்கச் செய்யும் நல்வழக்கம் இன்றும் உண்டு. புதியதே நல்லது என்னும் பொதுவிதியும் எல்லாவற்றிற்கும் பொருந்தாது என்பதை அங்கே கற்கலாம். பச்சைத் தேயிலை நாள்படத் தளரும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் அருந்திய லியூ பாவ் தேயிலையோ முறையாகக் காத்தால் ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறக்கும்.

இவை யாவற்றினும் உயர்ந்த அடையாளம் ஒன்று உண்டு. ஒரு கடைக்காரரை எண்ணிப் பார்க்கலாம். வழக்கமான வாடிக்கையாளர் வந்து நிற்கின்றார். "ஐயா, இந்த முறை வந்த இலை சென்ற முறைபோல் இல்லை. மழை மிகுந்துவிட்டது. வேண்டுமானால் அடுத்த சரக்கு வரும்வரை காத்திருங்கள்" என்கின்றார் கடைக்காரர். அதைக் கேட்ட வாடிக்கையாளர் என்ன செய்கின்றார்? "இந்தக் கடையில் சரக்குச் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டே எதிர்க்கடைக்குச் செல்கின்றார். எதிர்க்கடைக்காரரிடமும் அதே மழையில் நனைந்த தோட்டத்தின் இலைதான் இருக்கின்றது. ஆனால், அவர் "முதல் தரம், ஐயா" என்று சொல்லிச் சிரித்த முகத்தோடு நிறுத்துக் கொடுக்கின்றார். உண்மை சொன்னவர் ஒரு வாடிக்கையாளரை இழந்தார். பொய் சொன்னவர் ஒருவரைப் பெற்றார். இது பத்து முறை நிகழ்ந்தால் முதல் கடைக்காரர் கடையை மூடுவார். அல்லது பொய் சொல்லக் கற்பார். பொருளின் தரத்தை வாங்குவோன் அறிய இயலாத சந்தையில் தாழ்ந்த பொருள் உயர்ந்த பொருளை விரட்டிவிடும் என்பதைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லோப் 1970இல் விளக்கினார். சந்தையில் உயர்ந்த பொருளோடு உயர்ந்த மனிதனும் விரட்டப்படுகின்றான் என்பதே அறநோக்கில் பெரிய இழப்பு.

பிறர் பொருளையும் தம் பொருளாகக் கருதிப் பேணுதலை வாணிகத்தின் இலக்கணமாக நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார் வள்ளுவர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், கொள்ளும்போது அளவுக்கு மிகுதியாகக் கொள்ளார், கொடுக்கும்போது குறைத்துக் கொடார் என்று போற்றுகின்றது பட்டினப்பாலை. கொள்வதற்கும் கொடுப்பதற்கும் அங்கே நீதி ஒன்றே. அந்த நீதி வாடிக்கையாளனுக்கும் உரியது. தாழ்ந்த தேயிலையின் விலைக்கு உயர்ந்த தேயிலையைக் கேட்பவனும் மிகுதியாகக் கொள்கின்றவனே ஆவான்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். "நம்மவர் கடையில் வாங்குவதன்றோ கடமை? தரம் சற்றுக் குறைந்தால் என்ன?" என்பர். இவ்வாதத்தில் அன்பு இருக்கின்றது. சிறுபான்மையாக வாழும் இனம் தன் வணிகரைத் தாங்காவிடில் வேறு யார் தாங்குவர்? ஆயினும் பழைய தேயிலையை வாய் பேசாமல் வாங்கிச் சென்று, வீட்டில் முகம் சுளித்து, சில மாதங்கட்குப் பின் சொல்லாமலே கடையை மாற்றிக்கொள்வது ஆதரவு ஆகாது. அது கடைக்காரருக்கு இழைக்கும் தீங்கு. "அண்ணாச்சி, தேயிலையில் மசாலை மணம் ஏறியிருக்கின்றது. தனியே மூடி வையுங்கள். அடுத்த வாரம் வருகின்றேன்" என்று கூறி, கூறியவாறே திரும்பி வருவதுதான் ஆதரவு. குறையை எடுத்துரைத்தலும் பிரிந்து செல்லாமையும் ஒருங்கே அமைவதே உறவு. மாணவனின் பிழையைத் திருத்தாமல் மதிப்பெண் வழங்கும் ஆசிரியன் அவனுக்கு அன்பு செய்தவன் ஆகான்.

கடைக்கு அப்பால் மற்றுமொருவர் இருக்கின்றார். அவர் கொழுந்து பறிப்பவர். 1929இல் ஜே.ஏ. ரசல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபின், அம்மலைச் சரிவுகளில் உழைத்தோருள் தமிழர் பலர். இலங்கை மலையகத்தின் தேயிலையும் தமிழர் உழைப்பிலேயே வளர்ந்தது. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் எழுதியது அங்குள்ள தோட்டத் தொழிலாளரின் துயரையே. இன்று கேமரன் மலையில் பறிப்போருள் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர். முகம் மாறியது, முதுகின் சுமை மாறவில்லை. கடையில் கொடுக்கும் வெள்ளியில் எத்தனை காசு அந்தக் கைக்குச் சேரும் என்பதை வாங்குவோன் கணக்கிட இயலாது. இயலாததற்கு அவனைக் குற்றம் சாட்டுதலும் முறையன்று. ஆனால், 'இது எந்தத் தோட்டத்து இலை?' என்று கேட்க அவனால் இயலும். தோட்டத்தின் பெயர் தெரியாத இடத்தில் சுவைக்கும் பொறுப்பாளி இல்லை. கூலிக்கும் பொறுப்பாளி இல்லை. பெயர் தெரிந்த இடத்தில் இரண்டையும் கேட்க வழி உண்டு. அந்த ஒரு கேள்வியில் நாவின் நலமும் அறத்தின் நலமும் ஒன்று சேர்கின்றன.

வறியவன் மலிந்த தூளையே வாங்குவான். அதில் இழிவு இல்லை. தூளைத் தூள் என்று சொல்லி, தூளின் விலைக்கு விற்கும் கடையும் நல்ல கடையே. விலை உயர்வு நாணயத்தின் சான்று அன்று. அழகிய தகரப் பெட்டியும் அதன் சான்று அன்று. சொல்லும் சரக்கும் ஒத்திருத்தலே சான்று.

நல்ல தேயிலையை எங்கே வாங்குவது என்னும் கேள்விக்கு விடை இதுதான்: குறையையும் கூறும் கடையில் வாங்குக. அத்தகைய கடை அருகில் இல்லையே என்று வருந்துவோர் உளர். உண்மையைச் சொன்ன நாளில் அக்கடைக்காரரைக் கைவிட்டவர் யார் என்று அவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.