மனம் ஒப்பாத வாக்கு

பிரான்சில் குடியரசுத் தலைவர் தேர்தல் இரண்டு சுற்றாக நடக்கிறது. முதல் சுற்றில் யாரும் பாதிக்கு மேல் வாக்கு வாங்காவிட்டால், முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவர்கள் மட்டும் இரு வாரம் கழித்து மோதுவார்கள். முதல் சுற்றில் பிடித்தவருக்குப் போடு, இரண்டாம் சுற்றில் வரக்கூடாதவரைத் தடு என்பது அங்கே வழக்கமான பேச்சு. 2002-இல் இந்த ஏற்பாடு இடதுசாரிகளை எதிர்பாராத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

அந்த ஆண்டு 16 பேர் களத்தில் இருந்தார்கள். ஏப்ரல் 21 இரவு, சோஷலிஸ்ட் பிரதமர் லியோனல் ஜோஸ்பன் 16.18 சதவீதத்தோடு வெளியேறினார். 16.86 சதவீதம் பெற்ற தீவிர வலதுசாரி ழான்-மரி லெ பென், குடியரசுத் தலைவர் பதவியில் இருந்த ழாக் சிராக்கோடு இறுதிச் சுற்றுக்குப் போனார். வித்தியாசம் இரண்டு லட்சம் வாக்குகூட இல்லை. ஜோஸ்பன் மேல் அதிருப்தி கொண்டு சிறிய இடதுசாரிக் கட்சிகளுக்கு வாக்களித்தவர்கள் அதைவிடப் பல மடங்கு அதிகம். கொள்கைக்கு உண்மையாக இருந்த அந்த வாக்குகளே அடுத்த சுற்றில் கொள்கைக்கு இடமில்லாமல் செய்தன.

சிராக், இந்த இடதுசாரிகள் ஆயுள் முழுக்க எதிர்த்த வலதுசாரி. பாரிஸ் மேயராக இருந்த காலத்து நிதி முறைகேட்டுப் புகார்கள் வேறு. 2011-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தது. ஆனாலும் பாசிஸ்ட்டைவிட மோசடிக்காரர் மேல் என்று பதாகை பிடித்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மூக்கில் துணிக்கிளிப் மாட்டிக்கொண்டும் கையுறை போட்டுக்கொண்டும் வாக்களிக்கப் போகலாம் என்ற பேச்சு பரவியது. வாக்கின் ரகசியம் கெடும் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். அங்கே ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிச் சீட்டு. மேசையிலிருந்து இரண்டையும் எடுத்துக்கொண்டு திரை மறைவுக்குப் போய், ஒன்றை உறையில் போட்டுவிட்டு, மற்றதைச் சட்டைப்பையிலோ குப்பைக்கூடையிலோ போட வேண்டும். சிராக் பெயரை உறையில் போட்ட இடதுசாரிக்கு எந்தச் சீட்டும் தன்னுடையதல்ல.

மே 5 அன்று சிராக் 82.21 சதவீதம் பெற்றார். இவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தவருக்கு மனம் ஒப்பாத வாக்குகள் தேவைப்பட்டனவா என்ற கேள்வி நியாயமானது. தீவிர இடதுசாரி வேட்பாளர் ஆர்லெத் லகியே சிராக்குக்கு வாக்களிக்கச் சொல்ல மறுத்தார். ஆனால் வித்தியாசம் எண்ணி முடித்த பிறகுதான் தெரியும். எல்லோரும் அடுத்தவரை நம்பி ஒதுங்கியிருந்தால் அது அந்த அளவுக்கு இருந்திருக்காது. கொள்கை என்பது தன் கை அழுக்காகாமல் இருப்பது பற்றியது மட்டுமல்ல, அடுத்தவருக்கு என்ன ஆகும் என்பது பற்றியதும்கூட. லெ பென் குறிவைத்த குடியேறிகளின் இடத்திலிருந்து பார்த்தால், அந்த இடதுசாரிகள் கொள்கையைக் கைவிடவில்லை.

இழப்பு வேறு இடத்தில் நேர்ந்தது. எந்தச் சீட்டிலும் காரணம் எழுதியிருப்பதில்லை. ஜூன் மாத நாடாளுமன்றத் தேர்தலிலும் வென்ற சிராக்கின் அணி, வலதுசாரி அரசாகவே ஆண்டது. 2022 குடியரசுத் தலைவர் தேர்தலில் ழான்-மரியின் மகள் மரீன் லெ பென்னை 58.5 சதவீதத்தில் வென்ற இம்மானுவேல் மக்ரோன், பலர் தன் கருத்துகளை ஏற்று வாக்களிக்கவில்லை என்று அன்றிரவே ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே ஓய்வு வயதை 62-லிருந்து 64 ஆக்கும் சட்டத்தை, கீழவையில் இறுதி வாக்கெடுப்பு இல்லாமல் நிறைவேற்றினார். யாரையும் தேர்ந்தெடுக்காத வெற்று வாக்கும் வழி திறக்கவில்லை: 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தனியாக எண்ணப்படுகிறது, செல்லுபடியான வாக்குகளோடு சேர்வதில்லை.