கோஷ்டியில் கடைசி வரிசை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஐம்பது வயதைக் கடந்து திவ்யப்பிரபந்த சந்தைக்கு வந்த அடியோங்கள், கோஷ்டியின் கடைசி வரிசையில் நின்று உதடுகளை மட்டுமே அசைத்து வந்தோம். அபஸ்வரம் தட்டுமோ என்கிற வெட்கம். அவ்வெட்கமும் அஹங்காரத்தின் ஒரு வடிவே என்று திருப்பாவை உணர்த்திற்று. ஆண்டாள் நோன்புக்குத் தனியே போகவில்லை; 6 முதல் 15 வரையான பாசுரங்களில் உறங்குகிற பெண்களை எழுப்பி உடன்கொண்டு செல்கிறாள். பிந்தி எழுந்தாள் என்று ஒருத்தியையும் விட்டுச் செல்லவில்லை. யாருடைய குரல் இனியது என்று ஆராயவுமில்லை.

ஆசார்யர் ஒருமுறை சொல்ல, சிஷ்யர் இருமுறை சொல்வது சந்தை முறை. செவி முன்னே, நா பின்னே. கோஷ்டியிலும் முந்தாமல் பிந்தாமல் அருகிலுள்ளவர் குரலோடு நம் குரலைச் சேர்ப்பதே கைங்கர்யம். இப்போது பிழையோடேயே வாய்திறக்கிறோம். பக்கத்தில் ஒலிக்கும் பாசுரம் அதைத் திருத்திவிடுகிறது. தாமதமாய் விழித்த பாகவதர்களே, நீங்களும் எழுந்தருள வேணும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.