பறக்காதிருக்கும் உரிமை

உயிரைப் பேணுவது கடமை என்பதில் நம்மிடையே கருத்து வேற்றுமை இல்லை. பிறர் உயிரைக் காக்கும்பொருட்டுத் தன் உயிரை ஈவது கடமையினும் உயர்ந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். பிழைப்புக்காக நடுக்கடலுக்குச் செல்லும் மீனவரையோ, நிலத்தடிச் சுரங்கத்தில் இறங்கும் தொழிலாளியையோ, ‘ஏன் சென்றாய்?’ என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் யாரும் வேண்டாதிருக்க, யாருக்கும் பயன் விளையாதிருக்க, மகிழ்ச்சி ஒன்றையே கருதி ஒருவர் மலையின் விளிம்பிலிருந்து காற்றில் பாய்ந்தால் அதை எந்தக் கணக்கில் வைப்பது? வீட்டில் அவருக்காகக் காத்திருப்போரின் நாளைய வாழ்வையும் சேர்த்து ஒரு பிற்பகல் இன்பத்திற்காகப் பணயம் வைக்க அவருக்கு உரிமை உண்டா?

‘ஹேங் கிளைடிங்’ என்னும் பறத்தல் இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்புகிறது. அலுமினியக் குழாய்களின்மேல் இறுக்கிக் கட்டிய பாய்த்துணியாலான ஒரு பெருஞ்சிறகு. அதன் நடுவில் ஒரு பட்டையில் தொங்கும் மனிதர். அவர் கைக்கு முன்னே ஒரு முக்கோணச் சட்டம். எஞ்சின் இல்லை. சட்டத்தைத் தன்பக்கம் இழுத்தால் சிறகின் மூக்கு தாழ்ந்து வேகம் கூடும். முன்னே தள்ளினால் வேகம் குறையும். உடலை எப்பக்கம் நகர்த்துகிறாரோ அப்பக்கம் சிறகு திரும்பும். ஏறக்குறைய முப்பது கிலோ கனமுள்ள அச்சிறகைத் தோளில் தாங்கிச் சரிவில் சில அடிகள் ஓடினால் கால்கள் தரையை விட்டு எழுகின்றன. அதன்பின் அவரைத் தாங்குபவை காற்றும், காலையில் அவர் செய்துவைத்த ஏற்பாடுகளுமே.

அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் ரொகாலோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1948-ல் உருவாக்கிய மடங்கும் சிறகுக்கு, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள கிராஃப்டன் என்னும் ஊரில் ஜான் டிக்கன்சன் 1963-ல் அந்த முக்கோணச் சட்டத்தைப் பொருத்தினார். அதே மாநிலத்தில், சிட்னிக்குத் தெற்கே கடலோரத்தில், ஸ்டான்வெல் பார்க் என்னும் ஊரும் அதன்மேல் ‘பால்ட் ஹில்’ எனப்படும் மொட்டைக் குன்றும் உள்ளன. பறப்போர் பல்லாண்டுகளாகக் கூடும் இடம் அது. அதற்கும் முன்னரே, 1894 நவம்பர் 12-ஆம் நாள், லாரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் அவ்வூர்க் கடற்கரையில் நான்கு பெட்டிப் பட்டங்களைக் கோத்து அவற்றில் தொங்கிப் பதினாறு அடி உயரம் எழுந்தார். தம் கண்டுபிடிப்புகளுக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. எவரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டுவிட்டார். பட்டத்தில் எழும்போது அவர் தனியே எழவில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. கீழே ஓர் உதவியாளர் உடனிருந்தார்.

அங்கே ஒரு நாள் எவ்வாறு அமைகிறது என்று நோக்குவோம். அது முந்திய மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. வானிலை வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு நண்பர்கள் ஒருவரோடொருவர் பேசுகிறார்கள். தென்கிழக்கிலிருந்து, அதாவது கடலிலிருந்து நேரே வரும் காற்று குன்றில் மோதி மேலெழும்; அந்த எழுகாற்றில் சிறகு மணிக்கணக்கில் மிதக்கும். மேற்கிலிருந்து வருவதோ மலையின் முதுகுப்புறக் காற்று. விளிம்பைக் கடந்ததும் அது சுருண்டு கீழே விழும். குன்றின்மேல் நிற்பவருக்கு இதமாகத் தோன்றும் அக்காற்றில் பறந்தவரைப் பாறையில் அடித்துவிடும். கோடைக்காலத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெப்பம் மிகுந்த பகலின் இறுதியில் தெற்கிலிருந்து குளிர்காற்று திடீரெனச் சீறிவரும். ஆகவே தெற்கே உள்ள ஊர்களில் காற்றின் அளவு என்ன என்பதை அடிக்கடி கேட்டறிகிறார்கள். யார் எந்நேரம் வரை பறப்பது, கடற்கரையில் எங்கே இறங்குவது, குன்றின்மேல் நிற்கும் வாகனத்தைக் கீழே ஓட்டி வருபவர் யார் என்பனவெல்லாம் பேசி முடிவாகின்றன. திட்டமிடுதல் மகிழ்ச்சியின் பகை என்று எண்ணுவோர் ஒருமுறை இப்பேச்சைக் கேட்க வேண்டும். சமையலறையில் திருவிழா முந்திய இரவு நடக்கும் பேச்சுக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

குன்றின்மேல் சிறகை விரித்துக் குழாய்களையும் கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபின் ஒரு சிறு சடங்கு நடக்கிறது. பறக்க இருப்பவர் பட்டையில் உடலைக் கிடத்தித் தொங்குகிறார். தோழர் ஒருவர் சிறகின் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கொக்கி மாட்டியிருக்கிறதா, காற்பட்டைகள் இறுகியிருக்கின்றனவா, உடல் சரியான உயரத்தில் தொங்குகிறதா என்று பார்த்துச் சொல்கிறார். அரை நிமிடப் பணிதான். அதன் மதிப்பை 2018-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்று உலகுக்குக் காட்டியது. அனுபவமுள்ள ஓட்டுநரோடு இருவர் சிறகில் பறக்கச் சென்ற ஒரு பயணியின் கொக்கி மாட்டப்படவே இல்லை. கால்கள் தரையை விட்ட பின்னரே அது தெரிந்தது. இரண்டு நிமிடங்களுக்கு மேல் அவர் கையால் பற்றித் தொங்கியபடியே சென்று, தரையை அணுகியபோது விழுந்து, மணிக்கட்டு முறிந்ததோடு உயிர் தப்பினார். பலமுறை பறந்தவருக்குத்தான் இவ்வாறு மறக்கும். பழகியதைக் கண் பார்ப்பதில்லை. அதனால் வேறொருவர் கண் வேண்டியிருக்கிறது.

காற்றில் ஏறிய பின்னும் இவ்வுறவு அறுவதில்லை. குன்றின் முகத்தை ஒட்டி இருவர் எதிரெதிரே வந்தால், மலையைத் தம் இடப்பக்கம் கொண்டவர் விலகி வழிவிட வேண்டும். வலப்பக்கம் மலை உள்ளவருக்கு விலக இடம் இராது என்பதே காரணம். வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றுத்தூணில் பருந்துகள் வட்டமிடுவதை நாம் நண்பகலில் கண்டிருக்கிறோம். பறப்போரும் அதே தூணைத் தேடிச் சென்று அவ்வாறே சுற்றுகிறார்கள். அங்கே முதலில் நுழைந்தவர் எப்பக்கம் சுற்றுகிறாரோ அப்பக்கமே பின்வருவோர் அனைவரும் சுற்ற வேண்டும். கீழிருந்து ஏறி வருபவருக்கே வழியுரிமை. தம் சிறகே மறைப்பதால் அவர் மேலே இருப்பவரைக் காண முடியாது. மேலே இருப்பவரோ அவரைக் காண்கிறார். காண்பவர் காணாதவருக்கு வழிவிட வேண்டும் என்ற இவ்விதியை எழுதியவர்கள் அறநூல் எழுத உட்காரவில்லை. மோதாமலிருக்க வழி தேடினார்கள், அவ்வளவே.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஸபாட்டா என்னும் இடத்திலிருந்து 2012 ஜூலை 3 அன்று புறப்பட்ட டஸ்டின் மார்ட்டின் 764 கிலோமீட்டர் பறந்து உலகச் சாதனை படைத்தார். ஆஸ்திரேலியரான ஜானி டுராண்ட் அன்று அவரோடு பெரும்பகுதித் தொலைவு சேர்ந்தே பறந்து, சில கிலோமீட்டர் மட்டுமே பின்தங்கினார். இருவரும் போட்டியாளர்கள். ஆயினும் ஒருவர் கண்ட எழுகாற்று மற்றவருக்கும் வழிகாட்டியது.

இவையெல்லாம் இருந்தும் நம் வினா அப்படியே நிற்கிறது. தோழமையின் இனிமை, தாய்க்கோ மனைவிக்கோ விடையாகாது. இனி இக்கலையின் முன்னோர் இருவரின் முடிவைப் பார்க்க வேண்டும்.

ஜெர்மானியரான ஓட்டோ லிலியெந்தால் 1891 முதல் ஏறக்குறைய 2000 முறை தம் சிறகுகளில் சறுக்கிப் பறந்தவர். பெர்லினுக்கு அருகே அதற்காகவே 1894-ல் ஒரு செயற்கைக் குன்றை எழுப்பியவர். 1896 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோல்ன் என்னும் ஊரின் அருகே பறந்தபோது சிறகு வேகமிழந்து, ஏறக்குறைய பதினைந்து மீட்டர் உயரத்திலிருந்து வீழ்ந்தார். மறுநாள் இறந்தார். வயது 48, மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தனர். ரைட் சகோதரர்கள் அவர் எழுதியவற்றைக் கற்றே தொடங்கினர் என்பதால் அவர் இறப்பு வீண்போகவில்லை என்று சொல்வது வழக்கம். இவ்வாதம் நமக்கு நிறைவளிக்கவில்லை. பின்னால் விளைந்த நன்மை அந்த ஞாயிறன்று எடுத்த முடிவை நியாயப்படுத்தாது. விளையாமற் போயிருந்தால் குற்றமாக்கியும் இராது. அவரை எடைபோட வேண்டுமானால் அன்று அவர் அறிந்திருந்ததைக் கொண்டே போட வேண்டும். அன்று உலகில் அவரைப்போல் பறக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ‘இன்று காற்று சரியில்லை’ என்று சொல்லத் தகுதியுள்ள தோழர் எவரும் அக்குன்றின்மேல் இல்லை.

அவ்விரல்விட்டு எண்ணத்தக்கவர்களுள் ஒருவர் பெர்சி பில்ச்சர் என்னும் ஆங்கிலேயர். ஜெர்மனிக்குச் சென்று லிலியெந்தாலிடம் கற்றவர். எஞ்சின் பொருத்திய வானூர்தி ஒன்றை உருவாக்கி, 1899 செப்டம்பர் 30 அன்று இங்கிலாந்தின் ஸ்டான்ஃபோர்டு ஹால் மாளிகையில் செல்வர் கூட்டத்தின் முன் பறந்து காட்ட ஏற்பாடு செய்திருந்தார். அவர்கள் ஆதரித்தால் பணத் தடை நீங்கும். ஆனால் எஞ்சின் சில நாள்களுக்கு முன்பே உடைந்துபோயிற்று. அன்று வானிலையும் மோசம். விருந்தினரை ஏமாற்றத்தோடு திருப்பியனுப்ப மனமின்றித் தம் பழைய சிறகில் பறந்தார். நடுவானில் வால்பகுதி முறிந்தது. இரண்டு நாள் கழித்து இறந்தார்.

லிலியெந்தாலின் இறப்பைவிட இவ்விறப்பு நம்மை மிகுதியாகக் கலங்கச் செய்கிறது. அவரைக் கொன்றது காற்று மட்டுமா? அங்கே கூடியிருந்தவர்கள் தீயவர்கள் அல்லர். எவரும் அவரைப் பறக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதாகத் தெரியவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். காத்திருக்கும் கண்களுக்கு முன் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதைப் பெண் பார்க்கும் வீட்டிலும் தேர்தல் மேடையிலும் கூட நாம் கண்டிருக்கிறோம். பில்ச்சரின் முன் இருந்தவர்கள் பார்வையாளர்கள். ஸ்டான்வெல் பார்க் குன்றின்மேல் நிற்பவர்கள் தோழர்கள். பார்வையாளருக்கு முன் மனிதர் தம் சொல்லைக் காப்பாற்ற வேண்டியவர் ஆகிறார். தோழருக்கு முன் தம் சொல்லை மாற்றிக்கொள்ள உரிமை பெறுகிறார்.

இவ்வுரிமையிலேயே நம் வினாவுக்கான விடையும் இருக்கிறது என்று கருதுகிறோம். மகிழ்ச்சிக்காக உயிரை இடருக்கு உட்படுத்துவது முற்றிலும் தவறு என்று நம்மால் சொல்ல இயலவில்லை. அப்படிச் சொன்னால் மலையேற்றமும் நீச்சலும் மட்டுமன்றி, விடுமுறைக்கு ஊர் செல்லும் நெடுஞ்சாலைப் பயணமும் கூடாதென்றாகும். எவ்வளவு இடர் என்பதை மட்டும் அளந்து பயனில்லை. திரும்பிவிடும் உரிமை தம்மிடம் இருக்கிறதா என்பதைப் பறப்பவர் அளந்தாக வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர் வாகனத்தில் வந்து, விடுப்பெடுத்து, சிறகை விரித்துக் கட்டி, விளிம்பில் நின்றபின், காற்று மாறியது கண்டு மறுபடியும் மடித்து வைக்க ஒருவரால் முடியுமானால் அவர் பறக்கலாம். முடியாதாயின், காற்று எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர் பறப்பது முறையன்று; ஏனெனில் அவர் தம் உயிரைத் தம் விருப்பத்தினிடமே அடகு வைத்துவிட்டார். வானில் இருந்துகொண்டு மண்ணுக்கு ஏங்குவதைவிட மண்ணில் இருந்துகொண்டு வானுக்கு ஏங்குவது மேல் என்று பறப்போரிடையே ஒரு சொல் வழங்குகிறது. வேடிக்கைபோல் சொல்லப்படுவது, பலருடைய இறப்பைக் கண்டபின் பிறந்தது.

1970-களில் இவ்விளையாட்டு இளைஞரிடையே காட்டுத்தீபோல் பரவியபோது பலர் மாண்டனர். வேகமாகக் கீழிறங்கும்போது பாய்த்துணி தளர்ந்து, சிறகு தலைகுப்புறவே சென்று தரையில் மோதும் குறை அக்காலச் சிறகுகளில் இருந்தது. பின்னர் சிறகின் அமைப்பு திருத்தப்பட்டது. புதிய வடிவங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை வந்தது. பறப்பவர் அவசரகாலப் பாராசூட் அணியும் வழக்கமும் வந்தது. ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் யாரோ ஒருவர் வீடு திரும்பாத நாள் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் மாண்டவர்கள் இன்றும் உண்டு. அவர்களுடைய மனைவியரிடம் சென்று மேலே நாம் சொன்ன விடையைச் சொல்ல நமக்கு நாவெழாது. ஒரு விடை சரியானதாக இருந்தும் ஆறுதல் அளிக்காதிருக்கலாம். வீட்டாரும் அந்த முந்திய மாலைப் பேச்சில் பங்குபெற வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்வோம்.

பிற்பகலில் காற்று சற்றுக் கிழக்கு வாங்கி, பிறகு வலுக்கிறது. நால்வர் மேலே மிதந்துகொண்டிருக்கிறார்கள். ஐந்தாமவர் விளிம்பில் சிறகைத் தாங்கி நின்று, காற்றின் திடீர் வீச்சுகளை முகத்தில் உணர்ந்து, ஐந்து நிமிடம் போலப் பொறுத்துப் பார்த்து, பின்வாங்குகிறார். சிறகின் மூக்கைப் பிடித்திருந்த நண்பர் ஒன்றும் கேட்பதில்லை. அவரோடு சேர்ந்து கம்பிகளைத் தளர்த்துகிறார். துணியைச் சுருட்டி உறையிலிட்டு வாகனத்தின் கூரையில் கட்டியதும், அன்று பறக்காத அவரே வண்டியை வளைந்திறங்கும் சாலையில் ஓட்டிச் செல்கிறார். கடற்கரையின் புல்வெளியில் இறங்கியவர்கள் தங்கள் சிறகுகளை மடித்துக்கொண்டே, அவர் வரும் திசையைப் பார்த்திருக்கிறார்கள்.