யாருக்கான கவசம்

குண்டு துளைக்காத உடையைச் சோதிப்பது இப்படித்தான். எண்ணெய் கலந்த களிமண்ணைப் பெட்டியில் அடைத்து மேற்பரப்பை மட்டமாக வழித்துவிடுவோம். அதன்மேல் உடையைக் கட்டிச் சுடுவோம். குண்டு உள்ளே வராமல் இருந்தால் மட்டும் போதாது. துணி உள்வாங்கிக் களிமண்ணில் விழுந்த குழியின் ஆழத்தையும் அளப்போம். உலகின் பல சோதனைக்கூடங்கள் பின்பற்றும் அமெரிக்கத் தரவிதிப்படி அது 44 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு, இழைகளையும் இந்தக் குழிகளையும் ஆராய்ந்தே பேராசிரியர் ஆனவள் நான்.

அந்தக் களிமண்ணுக்கு மார்பு கிடையாது என்பது எனக்கு உறைக்கப் பதினொரு வருடங்கள் ஆயின. எனக்கு இருந்தும்.

44 எங்கிருந்து வந்தது என்று அதன்பிறகுதான் தேடிப் படித்தேன். 1970களில் அமெரிக்காவில் ஆடுகளுக்குக் கெவ்லார் துணியைப் போர்த்திக் கைத்துப்பாக்கியால் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனைகளோடு ஜெலட்டின் கட்டியில் எடுத்த அளவுகளைச் சேர்த்துப் பார்த்துக் கிடைத்த எண் அது. பெண்ணுடலைவிட ஆட்டுக்கு அந்த வரலாற்றில் இடம் அதிகம். கெவ்லாரையே 1965இல் டுபான்ட் நிறுவனத்தில் கண்டுபிடித்தவர் ஸ்டெஃபனி க்வாலெக் என்ற பெண். டயருக்கு இலேசான, வலுவான இழை தேடிக்கொண்டிருந்தபோது கலங்கிய, நீர்த்த ஒரு கரைசல் கிடைத்திருக்கிறது. இழை நூற்கும் கருவியை அது அடைத்துவிடும் என்று பயந்து அதை ஊற்ற மறுத்தவரை வற்புறுத்தி நூற்க வைத்தார். அவருடைய தாயார் தையல் வேலை செய்தவர். என் அம்மா சென்னிமலையில் குழித்தறி நெய்தவர். இந்த ஒப்புமையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்கவில்லை.

ஆண்களின் அளவில் தைத்த உடையைப் பெண் போட்டால் என்ன ஆகும்? மார்புக்குக் கீழே உடலுக்கும் கவசத்துக்கும் இடையில் இடைவெளி விழும். உட்கார்ந்தால் முன்பக்கம் தொடையில் இடித்து மேலேறித் தொண்டையை அழுத்தும். துப்பாக்கியின் அடிக்கட்டை தோளில் சரியாகப் பொருந்தாது. பின்னால் போட்ட கொண்டை தலைக்கவசத்தைக் கண்ணுக்குமேல் தள்ளும். அமெரிக்க இராணுவமே பெண்களுக்கான கவச உடையை 2012 வாக்கில்தான் வீராங்கனைகளுக்குக் கொடுத்துச் சோதித்தது. பெண்களின் உடைக்கான மேம்பட்ட சோதனை முறைகள் அந்நாட்டுத் தரவிதியில் சேர்ந்தது 2023இல்.

எங்கள் ஊர் ரவிக்கைத் தையல்காரருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. டாட் பிடித்தால் துணி வளையும், அவ்வளவுதான். ஆனால் கெவ்லாரில் டாட் பிடித்தால் மடிப்பு விழுந்த இடம் தடித்து விறைக்கும், தையலோரம் பலவீனமாகும். மடிக்காமல் அச்சில் வைத்து அழுத்தினால் பாவும் ஊடையும் விலகி ஓர் இடத்தில் துணி மெலியும். இதற்குத் தீர்வு காண நிதி கேட்டுப் போனபோது தேர்வுக் குழுவில் ஒரு மூத்தவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “எத்தனை பொம்பளைங்கம்மா குண்டடி படப்போறாங்க?” நிதி வரவில்லை. எட்டு ஆண்டுகள் ஒவ்வொரு கூட்டத்திலும் நான் அதே கோரிக்கையை வைத்தேன். அதைப் பெண்ணியம் என்றே நினைத்தேன். இன்றும் அது தவறென்று நினைக்கவில்லை.

அம்மாவின் கேள்வி வேறு. முதன்முதலில் ஒரு மாதிரித் துணியைக் கொண்டுபோய்க் காட்டியபோது விரலால் நெருடிப் பார்த்து, நெசவு நல்ல நெருக்கம் என்றார். பிறகு, “ஏங் கண்ணு, இது சுடறவனுக்கா, குண்டு வாங்கறவனுக்கா?” என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். கவசம் யாரையும் கொல்வதில்லை என்பது என் தொழிலின் பால பாடம். குண்டு செய்பவர்களிடமிருந்து எங்களைப் பிரித்துக் காட்டிக்கொள்ள அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் போலீஸ் சுட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்று பேர் செத்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். தொழில் பழக்கம், என் கண் உடல்களையே தேடியது. யார்மேல் என்ன இருக்கிறது? ஒரு பக்கம் தலைக்கவசம், கேடயம். மறுபக்கம் சட்டை, சேலை, சுடிதார். என் கோப்புகளில் ‘பயனர்’ என்றொரு கட்டம் உண்டு. இராணுவம், துணை இராணுவம், காவல்துறை என்று அதை நிரப்புவோம். சேலை கட்டியவள் அந்தக் கட்டத்தில் ஒருநாளும் வந்ததில்லை. கவசம் யாரையும் கொல்வதில்லைதான். ஆனால் யாருடைய உயிருக்குப் பணம் ஒதுக்கலாம் என்று முன்கூட்டியே அது சொல்லிவிடுகிறது. அந்த ஒதுக்கீட்டில் பெண்ணுக்கும் பங்கு கேட்டுத்தான் நான் எட்டு வருடம் போராடியிருக்கிறேன். எந்தப் பெண்ணுக்கு என்று கேட்கவில்லை.

இதற்கு மறுவாதம் உண்டு, வலுவானது. உடம்பில் கவசம் இருப்பவர் பயத்தில் சுட வேண்டியதில்லை. கல் வந்தாலும் நின்று நிதானிக்கலாம். நானே வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன். உண்மைதான், நிதானிக்கும்படி உத்தரவு வந்தால்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிதி வந்தது. நான் கேட்டு வந்ததல்ல. பெண்கள் திரளும் போராட்டங்களில் முன்வரிசையில் நிறுத்தப்படும் பெண் காவலர்களுக்கான உடல் காப்பு உடை. பெண்களைக் கையாள ஆண் போலீஸை அனுப்பக் கூடாதல்லவா, அதனால். கோப்பு மூன்று வாரம் மேசையில் கிடந்தது. மறுத்தால் என் கை சுத்தம். ஆனால் அந்தப் பெண்கள் அளவில்லாத ஆண் உடையோடு அதே வரிசையில்தான் நிற்பார்கள். தமிழ்நாட்டில் பெண்கள் காவல்துறையில் சேரத் தொடங்கியது 1973இல். ஐம்பது வருடம் கழித்தும் அவர்கள் உடம்பை யாரும் அளக்கவில்லை என்பதும் அநீதிதான். கையெழுத்துப் போட்டேன். பயனர் கட்டத்துக்குக் கீழே ‘எதிரில் நிற்பவர்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். தட்டச்சுப் பிழை என்று நினைத்திருப்பார்கள், திருத்திய படிவத்தில் அது இல்லை.

அளவெடுக்கப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெண் தயங்கித் தயங்கி, “மேடம், தாலிக்கயிறு உள்ள மாட்டி அறுக்குது, கழுத்துல கொஞ்சம் எறக்கி வைக்க முடியுமா?” என்றாள். குறித்துக்கொண்டேன். எந்த ஊர் என்று கேட்டேன். தூத்துக்குடிப் பக்கம் என்றாள். தோளை அளக்கக் கையைத் தூக்கச் சொன்னேன்.